முதலீட்டு டேஷ்போர்டு மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, தி.நகர் பக்கம் இருக்கும் சின்ன பிஎம்எஸ் நிறுவனங்கள் (கிளையன்ட்டுகளின் முதலீட்டை நிர்வகிப்பவை), மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள், குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் அலுவலகங்கள் ஆகியோருக்கு டேஷ்போர்டு (முதலீட்டு எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) செய்து கொடுப்பதும், வேறு யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போனதைப் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. சந்தை திறப்பது 9:15-க்கு. போன் வருவது 9:05-க்கு. "சார், நம்பர் தப்பா வருது." அந்த ஒரு வரிப் புகாருக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். பவர் பிஐ, எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் உங்கள் டேஷ்போர்டு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு விதி: திரையில் தப்பாகத் தெரியும் எண்ணைத் திரையிலேயே திருத்தாதீர்கள். "இந்த கிளையன்ட்டுக்கு மட்டும் இரண்டால் பெருக்கு" என்று ஃபார்முலாவுக்குள் ஒளித்து வைத்த ஒட்டுப்போடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூலக் கோப்பு தானாகச் சரியான அன்றைக்கு அந்த ஒட்டு புதுத் தப்பாக மாறும், வைத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரு கிளையன்ட், ஒரு பங்கு, ஒரு தேதி எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டோடியனோ (பங்குகளைக் காத்து வைக்கும் நிறுவனம்) பேக் ஆபீஸோ (கணக்குப் பிரிவு) அனுப்பிய மூலக் கோப்பில் அதே வரியைத் தேடுங்கள். அங்கேயே தப்பு என்றால் உங்கள் வேலை ஒரு மெயிலோடு முடிந்தது. அங்கே சரி, இங்கே தப்பு என்றால் கீழே படியுங்கள்.

## அறிகுறி: நேற்றைய எண்ணே இன்றும் நிற்கிறது

### எல்லா வரிகளும் பழசு

ரெஃப்ரெஷ், அதாவது மூலத்திலிருந்து புதுத் தரவை இழுக்கும் வேலை, ஓடவில்லை என்று அர்த்தம். பவர் பிஐ-யில் ரெஃப்ரெஷ் வரலாறு என்ற பகுதியைத் திறந்தால் கடைசியாக எப்போது ஓடியது, ஏன் நின்றது என்று எழுதியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கடவுச்சொல். யாராவது மெயில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், அதே கணக்கில்தான் டேஷ்போர்டும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அடுத்தது கோப்பின் பெயர். "ஹோல்டிங் ஃபைனல்" என்பதை "ஹோல்டிங் ஃபைனல் 2" என்று சேமித்திருப்பார்கள். இரண்டும் சரியென்றால் கேட்வே (அலுவலகக் கோப்புகளை இணையத்திலுள்ள பவர் பிஐ-க்கு அனுப்பும் மென்பொருள்) ஓடும் கணினி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கேட்வே விஷயம் சென்னையில் கொஞ்சம் விசேஷமானது. பல அலுவலகங்களில் அது ஏதோ ஒரு மேஜைக்கடியில் இருக்கும் பழைய கணினி. 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, மிக்ஜாம் மழையில் ஊரே மூழ்கிக் கிடந்தது. எக்ஸ்சேஞ்ச் மும்பையில், அதற்கு மழை இல்லை. நான்கு மாநிலத் தேர்தல் முடிவுகளுக்கு அடுத்த நாள் என்பதால் நிஃப்டி 2 சதவீதம் எகிறியது. இங்கே மின்சாரம் போன அலுவலகங்களின் டேஷ்போர்டுகள் மட்டும் வெள்ளிக்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தன. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் கேட்வேயை கிளவுடு சர்வர் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். செலவுதான், ஆனால் வருஷா வருஷம் தேவைப்படும்.

இன்னொன்று: திட்டமிட்ட ரெஃப்ரெஷ் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அதைத் தானாகவே நிறுத்திவிடும். கணினியை மறுபடி ஆன் செய்தால் மட்டும் போதாது, அமைப்புக்குள் போய் ரெஃப்ரெஷையும் ஆன் செய்ய வேண்டும். "எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா இன்னும் பழசுதான் காட்டுது" என்ற போன்கள் பெரும்பாலும் இதுதான். ப்ரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 ரெஃப்ரெஷ்தான் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை வேண்டும் என்று ஃபண்ட் மேனேஜர் கேட்டால் அது பழுது இல்லை, பெரிய உரிமம் வாங்கும் பேச்சு.

தரகரின் ஏபிஐ (கணினிக்குக் கணினி தரவு தரும் வழி) மூலமாக விலை எடுப்பவர்கள் டோக்கனை, அதாவது உள்ளே நுழையும் தற்காலிக அனுமதியை, பாருங்கள். பெரும்பாலான தரகர்களிடம் அது தினமும் காலாவதியாகும். காலையில் ஒருவர் உள்ளே நுழைந்தால்தான் அன்றைய டோக்கன் கிடைக்கும். அந்த ஒருவர் லீவு என்றால் டேஷ்போர்டும் லீவு.

### சில வரிகள் மட்டும் பழசு

மியூச்சுவல் ஃபண்ட் என்றால் பெரும்பாலும் இது பழுதே இல்லை. அன்றைய என்ஏவி-யை (ஒரு யூனிட்டின் மதிப்பு) வெளியிட ஃபண்ட் நிறுவனங்களுக்கு இரவு 11 மணி வரை நேரம் உண்டு. வெளிநாட்டில் முதலீடு செய்யும் ஃபண்ட் ஆஃப் ஃபண்டுகளுக்கு மறுநாள் காலை 10 மணி வரை. நீங்கள் இரவு 9 மணிக்கு ஆம்ஃபி (ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம்) கோப்பை இழுத்தால் பாதி இன்றையது, பாதி நேற்றையது. ரெஃப்ரெஷை நள்ளிரவுக்குப் பிறகு வைத்து, காலை 10:30-க்கு இன்னொன்று வையுங்கள். முக்கியமாக, ஒவ்வொரு வரிக்கும் என்ஏவி தேதியைத் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். டேஷ்போர்டின் தலையில் ஒரே ஒரு "கடைசியாகப் புதுப்பித்தது" என்று போட்டால் அது பொய் சொல்லும்.

நாள் முடிவில் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் பவ்காப்பியிலிருந்து விலை எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 2024 ஜூலை 8-லிருந்து தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ பழைய வடிவத்தை நிறுத்திவிட்டது. புது வடிவத்தில் கோப்பின் பெயர், பத்திகளின் பெயர், வரிசை எல்லாமே வேறு. பழைய ஸ்க்ரிப்ட் ஒன்றை யாரோ உங்களுக்குக் கொடுத்து, அது எந்தப் பிழையும் காட்டாமல் பழைய விலையையே திருப்பித் தருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சனிக்கிழமை விட்டுப்போவதும் உண்டு. வார இறுதி நாட்களை வடிகட்டும்படி எழுதியிருந்தால், பட்ஜெட்டுக்காகச் சந்தை திறந்திருந்த 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை உங்கள் வரைபடத்தில் இருக்காது. கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். விலைக் கோப்பு வந்த நாள் வர்த்தக நாள், அவ்வளவுதான். மறுபக்கமும் உண்டு: பொங்கலுக்கு நம் அலுவலகம் மூடியிருந்தாலும் சந்தை திறந்திருக்கலாம். தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை உள்ளே ஏற்றி வைத்திருந்த டேஷ்போர்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

### தேதி மட்டும் ஒரு நாள் பின்னால்

விடியற்காலை 5 மணி ரெஃப்ரெஷ் வைத்திருக்கிறீர்களா? பவர் பிஐ சேவையில் "இன்று" என்ற ஃபார்முலா உலகப் பொது நேரத்தைத்தான் பார்க்கும். நம் நேரம் 5:30 ஆகும்வரை அங்கே நேற்றுதான். ரெஃப்ரெஷை ஆறு மணிக்குத் தள்ளினால் அன்றைக்கே தீரும். நிரந்தரமாகத் தீர்க்க, அந்த உலகப் பொது நேரத்தை (யுடிசி) தரும் ஃபார்முலாவோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். சாதாரண "இப்போது" ஃபார்முலாவோடு கூட்டினால் உங்கள் மடிக்கணினியில் சோதிக்கும்போது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். கூகுள் ஷீட்ஸில் கோப்பின் அமைப்பில் நேர மண்டலம் என்ன என்று மட்டும் பாருங்கள்.

## அறிகுறி: ஒரே இரவில் மதிப்பு சரிந்தது, அல்லது ஒரு பங்கையே காணோம்

கிளையன்ட் போன் செய்வதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய அறிகுறி இது. ஒரு நாளில் 20 சதவீதத்துக்கு மேல் மாறும் எந்தப் பங்கையும் சிவப்பில் காட்டும்படி ஒரு தனிப் பக்கம் வையுங்கள். அது யாருக்கும் அழகாகத் தெரியாது, ஆனால் அதுதான் தினமும் முதலில் திறக்க வேண்டிய பக்கம்.

### சரியாகப் பாதியாகிவிட்டது

போனஸ், அதாவது இருக்கும் பங்குக்கு நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு. 2024 அக்டோபர் 28-ல் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது விலை அன்றே பாதியானது. ஆனால் போனஸ் பங்குகள் டீமேட்டில் (மின்னணுப் பங்குக் கணக்கு) வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் கஸ்டோடியன் கோப்பில் பழைய எண்ணிக்கை, விலைக் கோப்பில் புது விலை. பெருக்கினால் பாதி. இரண்டு கோப்பும் சரி, பெருக்கல் மட்டும் தப்பு.

காத்திருந்தால் தானே சரியாகும். ஆனால் அந்த இரண்டு நாள் ரிட்டர்ன் வரைபடத்தில் ஒரு பள்ளமாக நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால் கார்ப்பரேட் ஆக்‌ஷன்களுக்கென்று (போனஸ், பிரிப்பு போன்ற நிறுவன நடவடிக்கைகள்) ஒரு தனி அட்டவணை வைத்து, எக்ஸ் தேதியிலேயே (விலை மாறும் நாள்) வர வேண்டிய பங்குகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். டீமேட்டில் வந்து சேர்ந்ததும் அந்த வரியை முடித்துவிடுங்கள். முடிக்க மறந்தால் மதிப்பு ஒன்றரை மடங்காகும், அப்புறம் அதற்கு ஒரு போன் வரும்.

### பங்கே காணோம்

முகமதிப்புப் பிரிப்பு (ஒரு பங்கைச் சிறு மதிப்புள்ள பல பங்குகளாக்குவது) நடந்தால் ஐஎஸ்ஐஎன் என்ற பங்கின் அடையாள எண்ணே மாறும். 2024 ஜனவரியில் நெஸ்லே 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாக்கியபோது இப்படித்தான் மாறியது. போனஸுக்கு மாறாது, பிரிப்புக்கு மாறும். ஹோல்டிங் கோப்பில் (யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியல்) புது எண், உங்கள் மாஸ்டரில் (உங்கள் அடிப்படைப் பட்டியல்) பழைய எண், இணைப்பு அறுந்து வரி விழுந்துவிடும். ஐஎஸ்ஐஎன்-க்குப் பதில் சிம்பலை (சந்தையில் பங்கின் சுருக்கப் பெயர்) வைத்து இணைத்திருந்தால் இன்னும் மோசம், பெயர் மாறினாலே போச்சு. 2025-ல் சொமேட்டோ எடர்னல் ஆனபோது சிம்பலை நம்பியவர்கள் எல்லோரும் தேடினார்கள்.

சோதனை எளிது: மூலக் கோப்பின் வரி எண்ணிக்கையும் டேஷ்போர்டுக்குள் வந்த வரி எண்ணிக்கையும் ஒன்றா? இல்லையென்றால் விலை கிடைக்காத வரிகளைத் தனியாகப் பட்டியலிடுங்கள். இணைப்பு அறுந்த வரி சத்தமில்லாமல் மறையும்படி ஒருபோதும் விடாதீர்கள், "விலை இல்லை" என்று கத்தட்டும்.

### புதுப் பெயர் வந்திருக்கிறது, மதிப்பு சைபர்

டீமெர்ஜர், அதாவது ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்று பிரிவது. ஜியோ ஃபைனான்ஷியல் 2023 ஜூலை 20-ல் ரிலையன்ஸிலிருந்து பிரிந்தது, பட்டியலானது ஆகஸ்ட் 21-ல். நடுவில் ஒரு மாதம் வர்த்தக விலையே கிடையாது. அந்த மாதத்துக்கு, பிரிந்த அன்று கண்டறியப்பட்ட 261.85 ரூபாயை வைத்துக்கொள்வதா, சைபரா என்பதை ஃபண்ட் மேனேஜர்தான் முடிவு செய்ய வேண்டும், டேஷ்போர்டு செய்பவர் அல்ல. வாங்கிய விலையையும் பிரிக்க வேண்டும். அந்த விகிதத்தை நிறுவனமே அறிவிக்கும். இதில் 4.68 சதவீதம் ஜியோவுக்கு, மிச்சம் ரிலையன்ஸுக்கு.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: நாற்பது ஐம்பது பங்குகள்வரை கார்ப்பரேட் ஆக்‌ஷன் அட்டவணையைக் கையால் பராமரிக்கலாம். அதற்கு மேல் போனால் தரவு விற்பனையாளரிடம் சந்தா கட்டுங்கள். வாங்கிய விலையைப் பிரித்தது மூலதன ஆதாய வரியைத் தொடும் என்பதால், அந்தப் பத்தியை உங்கள் ஆடிட்டர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

## அறிகுறி: சில கிளையன்ட்டுகளைக் காணோம், சிலர் இரட்டிப்பாகிவிட்டார்கள்

இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புகார் வருவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும்.

### காணாமல் போனவர்கள்

டீமேட் கணக்குகளை வைத்திருக்கும் அமைப்புகள் இரண்டு: சிடிஎஸ்எல், என்எஸ்டிஎல். சிடிஎஸ்எல் டீமேட் எண்ணுக்கு 16 இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும், பதினாறாவதைச் சைபராக்கிவிடும். பேக் ஆபீஸில் யாரோ சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து எக்செல்லில் திறந்து, "சும்மா ஒரு தடவை பார்த்துட்டு" எக்செல் கோப்பாகச் சேமித்திருப்பார்கள். அவ்வளவுதான், எல்லா டீமேட் எண்ணும் சைபரில் முடியும். மாஸ்டரில் இருக்கும் சரியான எண்ணோடு ஒட்டாது.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால் எல்லோரும் காணாமல் போவதில்லை. எண் உண்மையிலேயே சைபரில் முடிபவர்கள் தப்பிவிடுவார்கள். என்எஸ்டிஎல் எண் ஐஎன் என்ற எழுத்துகளில் தொடங்குவதால் எக்செல் அதை எழுத்தாகவே விட்டுவிடும், அவர்களும் தப்பிவிடுவார்கள். ஆக மொத்தத்தில் பாதிப் பேர் இருப்பார்கள், பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், பார்ப்பவருக்கு ஒரு பொதுக் காரணமும் பிடிபடாது. காணாமல் போனவர்கள் எல்லோரும் சிடிஎஸ்எல்-ஆ என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் கோப்பை மறுபடி அனுப்பச் சொல்லி, எக்செல்லில் திறக்காமல் நேரே இறக்குமதி செய்யுங்கள், அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். சேமித்த கோப்பிலிருந்து போன இலக்கத்தை மீட்க வழியில்லை.

ஃபோலியோ எண்ணின் (மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு எண்) முன்னால் இருக்கும் சைபர்கள் விழுவதும் இதே குடும்பம். பவர் க்வெரி (பவர் பிஐ, எக்செல்லின் இறக்குமதிக் கருவி) தானாகச் சேர்க்கும் "வகை மாற்றம்" என்ற படியை நீக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

### இரட்டிப்பானவர்கள்

பான் எண்ணை வைத்து இணைத்திருக்கிறீர்கள், மாஸ்டரில் ஒரே பான் இரண்டு வரியில் இருக்கிறது. நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் இனிஷியல். ஒரு இடத்தில் எஸ். ரமேஷ், இன்னொரு இடத்தில் ரமேஷ் சுப்ரமணியன், மூன்றாவதில் ரமேஷ் எஸ். மூவரும் ஒருவர்தான். டேட்டா என்ட்ரி செய்தவருக்கு மூன்று பேர். பெயரை வைத்து இணைக்கும் டேஷ்போர்டு சென்னையில் வேலைக்கு ஆகாது. பான் பத்தியில் நகல்களைத் தேடி நீக்குங்கள்.

அப்பாவின் கணக்கில் குழந்தையின் ஃபோலியோவும் சேர்ந்து தெரிகிறது என்றால், மைனர் ஃபோலியோவில் காப்பாளரின் பான் பதிவாகியிருக்கும். அங்கே பானும் ஃபோலியோவும் சேர்ந்த இணைப்பு வேண்டும்.

## அறிகுறி: ரிட்டர்ன் சதவீதம் ஸ்டேட்மெண்ட்டோடு ஒத்துப்போகவில்லை

### எக்ஸ்ஐஆர்ஆர் 0.00% அல்லது பிழை

எக்ஸ்ஐஆர்ஆர் என்பது பணம் போய் வந்த தேதிகளையும் தொகைகளையும் வைத்து ஆண்டு ரிட்டர்ன் போடும் ஃபார்முலா. பணம் போனது மைனஸ், வந்தது பிளஸ், இன்றைய மதிப்பு கடைசி வரியில் பிளஸ். மூன்றில் ஒன்று மாறியிருக்கும். முதல் வரியில் தொகை சைபராக இருந்தால் எக்செல் பிழை காட்டாமல் கண்ணுக்குத் தெரியாத ஒரு துக்கடா எண்ணைத் தரும், திரையில் 0.00% என்று நிற்கும். தேதியையும் பாருங்கள்: 05/04/2024 என்பதை அமெரிக்க வடிவில் படித்தால் மே 4. மாதத்தின் முதல் 12 தேதிகள் மட்டும் இடம் மாறியிருந்தால் கணினியின் வட்டார அமைப்புதான் காரணம்.

### எண் வருகிறது, ஆனால் வேறு எண்

பெரும்பாலும் இரண்டுமே சரி. ஒரு கிளையன்ட் 50 லட்சம் போடுகிறார். ஆறு மாதத்தில் 20 சதவீதம் ஏறி 60 லட்சம். அப்போது இன்னொரு 1 கோடி போடுகிறார். அடுத்த ஆறு மாதத்தில் 10 சதவீதம் இறங்கி, 1.6 கோடி 1.44 கோடியாகிறது. நேர எடை ரிட்டர்ன் (கிளையன்ட் எப்போது எவ்வளவு போட்டார் என்பதைக் கணக்கில் எடுக்காதது) 8 சதவீத லாபம். எக்ஸ்ஐஆர்ஆர் சுமார் 6 சதவீத நஷ்டம். கிளையன்ட் பையில் 6 லட்சம் குறைந்திருக்கிறது. பிஎம்எஸ் நிறுவனங்கள் தங்கள் செயல்பாட்டை நேர எடை முறையில்தான் சொல்ல வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி 2020-ல் உத்தரவிட்டது. அதனால் ஃபேக்ட்ஷீட்டில் (நிறுவனத்தின் செயல்பாட்டு அறிக்கை) ஒன்று, கிளையன்ட் பக்கத்தில் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு எண்ணின் கீழும் எந்த முறை என்று எழுதுங்கள், பாதிப் போன் நின்றுவிடும்.

பெஞ்ச்மார்க்கை (ஒப்பிடும் குறியீட்டை) எப்போதும் எளிதாக ஜெயித்துக்கொண்டே இருக்கிறீர்களா? சந்தோஷப்படும் முன், எதிரில் இருப்பது டிவிடெண்ட் சேராத வெறும் நிஃப்டியா என்று பாருங்கள். டிவிடெண்டையும் சேர்த்த டிஆர்ஐ குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும், ஃபண்டுகளுக்கு 2018 பிப்ரவரியிலிருந்து அதுதான் விதி. மூன்று மாதத்தில் 10 சதவீதம் கிடைத்ததை 46 சதவீதம் என்று காட்டினால் அது ஆண்டுக்கணக்காக்கியது. ஒரு வருடத்துக்குக் குறைந்ததை அப்படியே காட்டுங்கள். நடப்பு ஆண்டு ரிட்டர்ன் ஜனவரியில் சைபரானால் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது என்று ஃபார்முலாவுக்குச் சொல்லவில்லை.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஒரு கிளையன்ட்டின் எண்ணைக் கையால் போட்டுப் பார்த்தும் இரண்டுக்கும் பொருந்தவில்லை என்றால். அந்த எண் வெளியே போகும் ஆவணத்தில் இருக்கிறது என்றால் உங்கள் கம்ப்ளையன்ஸ் அதிகாரியை (விதிமுறைகளைக் கவனிப்பவர்) முதலில் கூப்பிடுங்கள், என்னைப் போன்றவர்களை இரண்டாவதாக.

## அறிகுறி: திறக்கவே நேரமாகிறது

ஒரு பக்கத்தில் எத்தனை வரைபடம்? பத்துக்கு மேல் இருந்தால் பாதியை வேறு பக்கத்துக்குத் தள்ளுங்கள். யாரும் பார்க்காத பத்திகளை இறக்குமதியிலேயே நீக்குங்கள். பத்து வருட தினசரி விலை எதற்கு, பழையதற்கு மாத முடிவு போதும். அப்படியும் நகரவில்லை என்றால் மாடலை (அட்டவணைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் அமைப்பை) மறுபடி அமைக்க வேண்டும், அது ஆள் வைத்துச் செய்யும் வேலை.

## அறிகுறி: இரண்டு பேருக்கு இரண்டு எண்

சாதாரணக் காரணம்: பவர் பிஐ ஒவ்வொருவரும் கடைசியாக வைத்த ஃபில்டரை நினைவில் வைத்திருக்கும். இருவரையும் ரீசெட் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். ஒருவர் பார்ப்பது போன வாரம் இறக்கிய எக்செல் பிரதியா என்றும் கேளுங்கள், கேட்டால் கோபப்படுவார்கள், ஆனால் கேளுங்கள்.

அடுத்தது அனுமதி. ஒவ்வொரு ஆர்எம்-க்கும் (கிளையன்ட்டுகளைக் கவனிக்கும் மேலாளர்) அவருடைய கிளையன்ட்டுகள் மட்டும் தெரியும்படி வரி அளவில் கட்டுப்பாடு போட்டிருப்பீர்கள். அது வெறுமனே பார்வையிடும் உரிமை உள்ளவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். வொர்க்ஸ்பேஸில் (டேஷ்போர்டைப் பலர் சேர்ந்து பராமரிக்கும் பவர் பிஐ பகுதி) ஒருவரை மெம்பராகச் சேர்த்தால் அவருக்கு எல்லாமே தெரியும். "அவருக்கு லிங்க் ஓபன் ஆகலைனு மெம்பராக்கிட்டேன்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

ஒரு ஆர்எம்-க்கு இன்னொருவரின் கிளையன்ட் பெயரும் பானும் தெரிகிறது என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் பகிர்வை நிறுத்துங்கள். "வெப்பில் வெளியிடு" என்ற வழியில் யாராவது லிங்க் எடுத்திருக்கிறார்களா என்று நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள், அந்த லிங்க்கைக் கடவுச்சொல் இல்லாமல் உலகத்தில் யாரும் திறக்கலாம். இருந்தால் உடனே அழியுங்கள். யார் யார் திறந்தார்கள் என்ற பதிவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குப் பிறகு அனுமதிகளை மாற்றியமைப்பதை உள்ளூர் ஆட்கள் கையில் விடாமல், இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரை அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.